உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனத்தில் சாதி, மதம் பார்ப்பது சரியா?

குளச்சல் மாணவி:
சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மீனவக் குடும்பம், வீட்டில் இதற்கு முன் யாரும் கறுப்புக் கோட்டு போட்டதில்லை. உச்ச நீதிமன்றத்தில் எல்லாச் சமூகத்தாரும் மதத்தாரும் நீதிபதிகளாக வர வேண்டும் என்று வகுப்பில் சொன்னேன். "தகுதி போதும்" என்று வாயடைத்துவிட்டார்கள். சட்டத்தில் இதற்கு இடம் உண்டா?

தக்கலை வக்கீல்:
மக்களே, இடஒதுக்கீடு கிடையாது. நீதிபதி நியமனம் பற்றிய அரசியலமைப்பின் 124-ஆவது பிரிவில் சாதி, மதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெயர்களைத் தேர்வது கொலீஜியம், அதாவது தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் கொண்ட குழு. ஆனால் அவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர். மகாதேவனை உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்த தீர்மானத்திலேயே, அவர் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்ட சமூகத்தவர், அவர் வந்தால் அமர்வில் பன்முகத்தன்மை கூடும் என்று எழுதியிருக்கிறது. 1950-ல் தொடங்கிய நீதிமன்றத்துக்கு முதல் தலித் நீதிபதி ஏ. வரதராஜன் வர 1980 ஆனது. முதல் பெண் ஃபாத்திமா பீவி வர 1989. அதுவரை தகுதியுள்ளவர் ஒருவர்கூட இல்லையா?

மார்த்தாண்டம்காரன்:
அண்ணாச்சி, எனக்குப் பயமாக இருக்கிறது. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிய 1982 மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்த கன்னியாகுமரி மாவட்டம் இது. நீதிபதியையும் 'அவங்க ஆளு, நம்ம ஆளு' என்று எண்ணத் தொடங்கினால் தீர்ப்பை யார் மதிப்பார்?

தக்கலை வக்கீல்:
தம்பி, உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் இந்தக் கணக்கு இன்று தொடங்கியதா? நம் மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த 1930-களிலேயே ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்ந்து நிவர்த்தன இயக்கம் நடத்தி, சட்டசபையிலும் அரசு வேலையிலும் பங்கு கேட்டார்கள். ஒரே வட்டத்திலிருந்து ஆள் எடுத்தால் வெளியே நிற்பவன் எண்ணத்தான் செய்வான். தன் சமூகத்துக்குச் சாதகமாக ஒரு நீதிபதி தீர்ப்பு எழுதினால் முதலில் எதிர்ப்பவன் நான். நான் கேட்பது வேறு: கடற்கரையில் பட்டா இல்லாமலே தலைமுறையாகக் குடியிருக்கும் வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் அமர்வில் இருந்தால், மற்ற நீதிபதிகள் கேட்கும் கேள்விகளே மாறும். உச்ச நீதிமன்றத்தின் முப்பத்துச் சொச்சம் இடத்தில் எல்லாச் சாதியையும் அடைக்க முடியாது, சரி. அதனால்தான் உயர் நீதிமன்ற நியமனத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். டெல்லிக்குப் போகும் பெயர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

குளச்சல் மாணவி:
அப்போ பெரிய சீனியர் யாரையும் தெரியாத என்னைப் போன்றவர்கள், சார்?

தக்கலை வக்கீல்:
ஃபாத்திமா பீவி 1958-ல் முன்சீபாக, அதாவது கீழ்க்கோர்ட்டு சிவில் நீதிபதியாகத் தொடங்கி, மாவட்ட நீதிபதியாகி, 1983-ல் கேரள உயர் நீதிமன்றம் போனவர். 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று ஆண்டு வக்கீல் தொழிலைக் கட்டாயமாக்கியது. படிப்பை முடித்துவிட்டு இரணியல் கோர்ட்டுக்கு வா மக்களே, ஜூனியராகச் சேர்த்துக்கொள்ள நல்லவர்கள் இருக்கிறார்கள்.