டெல்லியில் குழந்தையோடு எங்கே போகலாம்?

வணக்கம். அமெரிக்காவில் டல்லாஸில் வசிப்பவர்கள் நாங்கள். ஒடிசாவிலிருந்து மூன்றரை வயது மகளைத் தத்தெடுத்திருக்கிறோம். காரா (மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையம்) அனுமதி, பாஸ்போர்ட் எல்லாம் கைக்கு வந்தாச்சு. தத்துப் பிள்ளைகளுக்கான அமெரிக்க விசா டெல்லித் தூதரகத்தில் மட்டும்தான் என்பதால் இங்கே வாடகை ஃபிளாட்டில் காத்திருக்கிறோம். நாள் முழுக்க உள்ளேயே இருந்தால் அவளுக்கும் எங்களுக்கும் மூச்சு முட்டுகிறது. வெளியே போனால் வேறு சிக்கல்.

சாணக்யபுரி ரயில் மியூசியத்தில் பொம்மை ரயிலைப் பார்த்துச் சிரித்தாள். விசில் அடித்ததும் உடம்பு விறைத்துவிட்டது. அழுதால்கூடப் பரவாயில்லை, சத்தமே இல்லை. குதுப் மினார் கூட்டத்தில், எதிரே வந்த யாரோ ஒரு அக்காவிடம் கை நீட்டித் தூக்கச் சொன்னாள். அன்று ராத்திரி தூக்கமும் போச்சு. லோதி கார்டனில் காலையில் அணில் பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள், பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வரும்வரை.

பேபி கேரியரில் நெஞ்சோடு கட்டிக்கொண்டால் ஓரளவு அடங்குகிறாள். ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிகிறாள். நாங்கள் பேசும் அரைகுறை ஒடியா ஏறவில்லை. தாஜ்மகால் காட்டச் சொல்கிறார் மாமியார். அந்த நெரிசலுக்கு நான் தயாரில்லை.

ஹுமாயூன் கல்லறை பக்கத்தில் இருக்கும் சுந்தர் நர்சரி பூங்கா, வார நாள் காலையில் இப்படிப்பட்ட குழந்தைக்குச் சரிப்படுமா?