மறுமொழி: ‘மவுத்ஃபீல்’ என்பதற்கு வாயுணர்வா, வாய்ப்பதமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பியர் குடிக்கும்போது அது வாயில் எப்படிப் படுகிறது என்பதை ஆங்கிலத்தில் ‘மவுத்ஃபீல்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ் தேடுகையில் ஐயா எழுதியிருந்தது:

> மவுத்ஃபீல் = வாயுணர்வு. எளிமை, நேரடி, யாருக்கும் புரியும். இதையே வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

ஐயா, மன்னிக்கணும். போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். ஊசி போட்ட டாக்டர் கேட்டது, “வாயில உணர்வு இருக்கா?” என்றுதான். தமிழில் வாயுணர்வு என்றால் அதுதான்: வாய்க்கு இருப்பது, மரத்துப்போனால் இல்லாமல் போவது. நமக்கு வேண்டியதோ குடிக்கும் பொருளின் குணம். ஸ்டவுட் என்கிற கறுப்புப் பியரைப் பற்றி “இந்த ஸ்டவுட்டின் வாயுணர்வு நன்று” என்று எழுதிப் பாருங்கள், ஸ்டவுட்டுக்கே வாய் முளைத்த மாதிரி இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி. என் சகலை பெங்களூரில் பியர் காய்ச்சும் பப் ஒன்றில் வேலை செய்கிறார். அவரிடம் தொழில் பழகும் பையன்களில் பாதிப் பேர் தமிழ்ப் பையன்கள். சுவைத்து மதிப்பெண் போடும் படிவத்தைத் தமிழில் கேட்டார். பியர் நடுவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் தாளில் மொத்தம் 50 மதிப்பெண்: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, மவுத்ஃபீல் 5, ஒட்டுமொத்த அபிப்பிராயம் 10. அந்த 5 மார்க்குக்குத்தான் பதினோரு நாளாக மல்லுக்கட்டுகிறோம்.

ஸ்டவுட்டை ஸ்டவுட் என்றே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ‘கருந்தேறல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேறல் என்றாலே தெளிந்தது, தேறியது. கண்ணாடிக்குப் பின்னால் பிடித்த விரல் தெரியாத கறுப்புக்குத் தெளிவு என்று பேர் வைத்தால் எப்படி? ‘சுமையாளர் மது’ என்றும் ஒரு யோசனை வந்தது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் மூட்டை தூக்கியவர்கள் விரும்பிக் குடித்ததால் போர்ட்டர், அதில் காட்டமானது ஸ்டவுட் போர்ட்டர், பிறகு வெறும் ஸ்டவுட். வரலாறு சரி. என் தாத்தா சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் இதைக் கேட்டால், தூக்கினது நான், பேர் மட்டும் பாட்டிலுக்கா என்பார். பண்டத்தின் பேர் ஊரோடு வரட்டும். நாக்கில் நடப்பதற்குத்தான் நம் சொல் வேண்டும், நாக்கு நம்முடையது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் சகலையிடமே போய்க் குடித்துப் பார்த்தேன். 9 சதவீதம் ஆல்கஹால் உள்ள ஸ்டவுட், வயிறு பருத்து வாய் குறுகிய சின்னக் கண்ணாடி. விளக்குக்கு நேரே சாய்த்தால் ஓரத்தில் மட்டும் நாவல்பழச் சாயம். நுரை வெள்ளை இல்லை. டபராவில் ஆற்றிய காபியின் நுரை நிறம். குழாயிலிருந்து வந்த வேகத்தில் ஒரு வாய் குடித்தேன். ஜில்லென்று கசப்பு, சோடா மாதிரி ஒரு சுருக், அவ்வளவுதான். “வை, கொஞ்சம் ஆறட்டும்” என்றார். நம் ஊரில் பியருக்கு உள்ள ஒரே மதிப்பீடு ‘கூலிங்கா இருக்கா’ என்பதுதான். இவர் ஆறட்டும் என்கிறார்! இந்த வகையை 12, 13 பாகை செல்சியஸில் குடிக்க வேண்டுமாம். குளிர்ந்தால் நாக்கும் மூக்கும் பாதி உறங்கிவிடும்.

இருபது நிமிடம் கழித்து அதே கண்ணாடியில் வேறு பானம். முதலில் வறுத்த வாசம். என் பிழைப்பே அது. பழைய வண்ணாரப்பேட்டையில் காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடை வைத்திருப்பவனுக்கு வறுத்தது வேறு, கருகியது வேறு, தீய்ந்தது வேறு, அடிப்பிடித்தது வேறு. இது வறுத்ததற்கும் கருகியதற்கும் நடுவே நின்றது. பார்லியை 200 பாகைக்கு மேல் வறுக்கிறார்கள்; இன்னும் ஒரு நிமிடம் விட்டால் சாம்பல் வாடை வந்துவிடும். (படிவத்தில் இந்த நாலு சொல்லும் அப்படியே போகட்டும், யாரும் கை வைக்க வேண்டாம்.) அடுத்துக் கருப்பட்டி, பின்னால் உலர்திராட்சை. சுருக் அடங்கியிருந்தது. வாய் முழுக்க ஏதோ விரிப்பு விரித்த மாதிரி இருந்தது. விழுங்கிய பிறகு நெஞ்சில் மெல்லிய சூடு, ஈறில் பாக்கு மென்ற இழுப்பு.

இந்த ‘விரிப்பு’க்குத்தான் பெயர் தேடுகிறோம். அது எங்கிருந்து வருகிறது என்று சகலை சொன்னது எனக்கு உதவியது. மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, ஊறவைக்கும் வெந்நீரின் சூட்டை 68, 69 பாகையில் பிடித்தால், ஈஸ்ட் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் அதிகமாகத் தங்கும், கனம் கூடும். சூட்டைக் குறைத்தால் ஈஸ்ட் எல்லாவற்றையும் தின்று தண்ணியாக்கிவிடும். ஓட்ஸ் போட்டால் வழவழப்பு. கரியமில வாயுவுக்குப் பதில் பெரும்பகுதி நைட்ரஜன் ஏற்றினால் குமிழி பொடிப்பொடியாகி ஏடு மாதிரி நிற்கும். அயர்லாந்தின் ஸ்டவுட் கம்பெனி கின்னஸ் 1959இல் கொண்டுவந்த வித்தை அது. ஆக, சூடு பிடிப்பதிலும் நேரம் பார்ப்பதிலும் உண்டாகிற குணம் இது. இதற்கு நம் அடுப்படியில் ஏற்கெனவே சொல் இருக்கிறதே. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவரிடம் கேட்டால் சொல்வார்: பதம்.

ஊர் திரும்பியதும் காசிமேட்டில் கூழ் விற்கும் அம்மாவிடம் கேட்டேன். சொல் எதுவும் நான் எடுத்துக் கொடுக்கவில்லை. “நல்ல கூழுக்கும் நல்லா இல்லாத கூழுக்கும் வாய்ல இன்னா வித்தியாசம்?”

“இன்னா நைனா கேள்வி இது? வாய்ல வெச்சா பதம் தெரியும். வழுக்கினு ஓடவும் கூடாது, அண்ணத்துல ஒட்டிக்கவும் கூடாது.”

அப்புறம் ஒரு சொம்பு கூழ், மோர்மிளகாய், வெங்காயம். இருபது ரூபாய்க்கு நம் பதினோரு நாள் வேலையை முடித்துவிட்டார். என் முன்மொழிவு: வாய்ப்பதம்.

அதன் கீழே உட்பிரிவுகள்: கனம், வழவழப்பு, சுருக்கு (வாயுவால்), காந்தல் (சாராயச் சூட்டால்), துவர்ப்பு. கடைசிச் சொல்லுக்கு ஐயா கோபிப்பார் என்று தெரியும். துவர்ப்பு அறுசுவையில் ஒன்றாயிற்றே, சுவைக் கட்டத்தில் அல்லவா போகணும் என்பார். பாக்கிலும் வாழைப்பூவிலும் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டு இழுக்கிறது. இன்றைய ஆய்வுக்கூடம் இதைத் தொடுகை என்கிறது. அறுசுவையில் அதன் நாற்காலி அப்படியே இருக்கட்டும். படிவத்தில் மட்டும் இந்தக் கட்டத்துக்கு வரட்டும்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து

* * *

> என் முன்மொழிவு: வாய்ப்பதம்.

தம்பி, சொல் இனிக்கிறது, அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது. இரண்டு கேள்வி. ஒன்று, பதம் என்றால் சொல் என்றும் பொருள். வாய்ப்பதம் என்பதை யாராவது வாய்ச்சொல் என்று படித்துத் தொலைத்தால்? இரண்டு, இதுதான் முக்கியம்: நாம் ‘பதமா இருக்கு’ என்றால் சரியாக இருக்கு என்று பொருள். அளவுகோலின் பெயரே பாராட்டாக இருக்கலாமா? ‘வாய்ப்பதம் மோசம்’ என்று எழுத முடியுமா? நான் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அளக்கிற சொல்லுக்கு விருப்பு வெறுப்பு இருக்கக் கூடாது.

மற்றபடி அந்த அம்மாவிடம் எனக்கும் ஒரு சொம்பு சொல்லி வை.

ராயபுரத்திலிருந்து

* * *

அக்கா, முதல் கேள்விக்குப் பதில் சுலபம். பியர் படிவத்தில் நுரைக்கும் மணத்துக்கும் நடுவே வாய்ச்சொல்லைத் தேடுகிறவனை எந்தக் கலைச்சொல்லாலும் காப்பாற்ற முடியாது.

இரண்டாவது கேள்வி இரவெல்லாம் தூங்கவிடவில்லை. ஆனால் பாருங்கள், ‘பதமா’ என்று வினையோடு ஒட்டினால்தான் அது பாராட்டு. பெயராக நின்றால் நிலையைத்தான் சொல்லும்: கம்பிப் பதம், உருட்டுப் பதம், முற்றின பதம். ‘பதம் தப்பிடுச்சு’ என்கிறோம், ‘என்ன பதம்?’ என்றும் கேட்கிறோம். என் கடைக்கு வருகிறவர்கள் சிக்கரி கூட்டச் சொல்வதே டிகாஷன் திக்காக நிற்கத்தான். கூட்டினது அதிகமானால் ‘பதம் கெட்டுப்போச்சு’ என்று திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுகிறார்கள். அதுவும் அளவுதானே?

இருந்தாலும் உங்கள் பயத்தில் பாதி நியாயம். படிவத்தில் ‘வாய்ப்பதம் நன்று / தீது’ என்று கட்டம் போட வேண்டாம். ‘தண்ணி – இடைத்தரம் – கெட்டி’ என்று கோடு போட்டு, அதில் புள்ளி வைக்கச் சொல்லலாம். இந்தத் திருத்தம் உங்கள் கணக்கில்.

‘காந்தல்’ மட்டும் எனக்கே உறுத்துகிறது. கண் காந்துகிறது, கை காந்துகிறது என்றால் எரிச்சல். நல்ல ஸ்டவுட்டில் வரும் சூடு எரியாது, கம்பளி மாதிரி இறங்கும், மட்டமானதில்தான் காந்தும். ஆகவே ‘சூடு’ என்று தலைப்பு வைத்து, அது எரிச்சலானால் காந்தல் என்று குறிக்கச் சொல்கிறேன். ஆட்சேபம் இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். திங்கள் காலை படிவம் சகலைக்குப் போகிறது.

அடுத்து, விழுங்கிய பிறகு தொண்டை வழியாக மூக்குக்கு ஏறி வருகிற வாசம். அதற்கும் சொல் இல்லை. யாராவது ‘பின்னாசி மணம்’ என்று ஆரம்பிக்கும் முன்னால் சொல்லிவிடுகிறேன், நாளைக் காலை நான் மறுபடி காசிமேட்டுக்குத்தான் போகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து