பிரிண்ட் கொடுத்தால் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்கிறது: உங்களுக்கு நடந்ததுண்டா?

கோபாலபுரத்திலிருந்து:

வீடு கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், சர்வீஸ் வேலை பாதி அந்தப் பக்கம், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றி. சித்தூர் தாலுகாதான். ஆந்திராச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். அங்கே ஒரு பால் சங்க அலுவலகத்தில் ஐந்து கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் பொதுவாக நெட்வொர்க்கில் ஒரு லேசர் பிரிண்டர். செயலாளர் போன் செய்தார். "தம்பி, பிரிண்ட் குடுத்தா கம்ப்யூட்டர் நீலமாயிப் படுத்துக்குதுங்க. பிரிண்டர்ல இருந்து வைரஸ் ஏறுதாட்ட இருக்குது."

நானும் பிரிண்டரைத்தான் சந்தேகப்பட்டேன். பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன், கேபிளை மாற்றினேன். ஒரு நாள் அதிலேயே போயிற்று. 2021 மார்ச் 9 அன்று வந்த விண்டோஸ் 10 அப்டேட் நினைவுக்கு வந்தது. அப்போது பிரிண்ட் கொடுத்த பல இடங்களில் நீலத்திரை (விண்டோஸ் கவிழும்போது வரும் நீலநிற அறிவிப்பு) விழுந்து, மார்ச் 15-ம் தேதியே அதற்குத் தனித் திருத்தம் விட்டார்கள். ஆனால் இந்த ஐந்தும் விண்டோஸ் 7. 2020 ஜனவரியோடு அதற்கு இலவச அப்டேட் நின்றுபோனது.

இதில் ஒரு தலைவலி: விழுந்த கம்ப்யூட்டர் எழுந்ததும் மறுபடி விழும். பாதியில் நின்ற வேலையை, பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஸ்பூலர் விடாப்பிடியாக மறுபடி அனுப்பப் பார்க்கும். மிகத் தேவையானதை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் போய், விண்டோஸின் சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் கிடந்ததையெல்லாம் அழித்த பிறகுதான் அடங்கியது. அப்படியே தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதியையும் நிறுத்தி வைத்தேன். அடுத்த முறை நீலத்திரை அப்படியே நின்றது. அதில் வின்32கே என்று ஒரு பெயர். திரையில் படம் வரைவதும் எழுத்தை உருவாக்குவதும் அந்தப் பகுதியின் வேலை. பிரிண்டர் டிரைவர் பெயர் எங்குமே இல்லை.

வழி காட்டியது அங்கே டைப் செய்கிற அக்காதான். ஐந்தில் மூன்று மட்டும்தானே விழுகிறது, மற்ற இரண்டில் என்ன என்று கேட்டேன். "அதுல மலையாள நோட்டீஸ் எடுத்தா இங்கிலீஷ் எழுத்தாக் கன்னாபின்னான்னு வருதுங்க. அதனால நாங்க அதைத் தொடறதே இல்ல."

அடடா என்றிருந்தது. கன்னாபின்னாவென்று வந்தால் அது எல்லா மொழிக்கும் பொதுக் குறியீடான யூனிகோட் இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் மலையாள வடிவத்தை வைக்கும் பழைய எழுத்துரு. அந்த இரண்டிலும் அது இல்லை, விழுகிற மூன்றிலும் இருக்கிறது. தமிழ் நோட்டீஸ் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆங்கில பில், ஒன்றும் ஆகவில்லை. மலையாள நோட்டீஸை இரண்டாக வெட்டிப் பாதி பாதியாகக் கொடுத்துப் பார்த்தேன். கடைசியில் தலைப்பு வரி மட்டும் மிஞ்சியது. அதை யூஎஸ்பியில் மாட்டிய பழைய பிரிண்டருக்கு அனுப்பினாலும் அதே நீலம்!

திரையில் அதே எழுத்து ஒழுங்காகத் தெரிந்ததுதான் எல்லோரையும் ஏமாற்றியது. 24 பாயிண்ட் எழுத்து, 96 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி) திரையில் 32 புள்ளி உயரம். 600 டிபிஐ பிரிண்டில் அதுவே 200 புள்ளி. எழுத்துரு ஃபைல் கெட்டுப்போயிருந்தால் சின்ன அளவில் தப்பித்துவிட்டுப் பெரிய அளவில் கவிழலாம். விண்டோஸ் 7-இல் எழுத்துரு வேலை விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே நடப்பதால், அது கவிழ்ந்தால் கம்ப்யூட்டரே கவிழும். யாரோ பென்டிரைவில் கொண்டுவந்த அந்த எழுத்துருவை மூன்றிலும் ஏற்றியிருக்கிறார்கள். அழித்தேன். அக்கா ஒரு சாயங்காலம் உட்கார்ந்து நோட்டீஸை யூனிகோடில், மீரா எழுத்துருவில் திரும்ப அடித்தார். அதன் பிறகு அந்த அலுவலகத்திலிருந்து போன் வந்தது டோனர் தீர்ந்தபோதுதான்.

குமுளியிலிருந்து:

எங்களுக்கு நீலத்திரை இல்லை, ஆனால் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்றாக உறைந்துவிடும். ஜூன் மழையில் கரண்ட் போய் வந்தால் மட்டும். ரவுட்டர் எழுந்து எல்லோருக்கும் புது ஐபி முகவரி கொடுக்கும். பிரிண்டரின் பழைய முகவரி யாரோ ஒருவர் போனுக்குப் போய்விடும். பில் போடும் சாஃப்ட்வேர் அந்தப் போனிடம் "பிரிண்டரா, பிரிண்டரா" என்று கேட்டுக்கொண்டே நிற்கும். ரவுட்டரில் பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவைத்தோம், சரியாகிவிட்டது. வேலை ஐந்து நிமிடம், அதைக் கண்டுபிடிக்க மூன்று மழைக்காலம்.

நகரியிலிருந்து:

என் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். தறிக்காரர் ஒருவர் ஆபீஸ். பிரிண்ட் கொடுத்த இரண்டு நொடியில் கம்ப்யூட்டர் அப்படியே அணைந்துவிடும். நீலமும் இல்லை, எந்த அறிவிப்பும் இல்லை. இரண்டு முறை ஃபார்மட் அடித்தேன். ரேம் மாற்றினேன். மூன்றாவது நாள் மேஜைக்கு அடியில் விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன். சின்ன யூபிஎஸ், அதில் கம்ப்யூட்டர் பிளக், பக்கத்திலேயே லேசர் பிரிண்டர் பிளக். லேசரில் டோனரை உருக்கி ஒட்டுகிற உருளை சூடாகும்போது நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும். இந்த யூபிஎஸ் அதைத் தாங்காமல் மொத்தமாகக் கையை விரித்துவிடும். பிரிண்டர் பிளக்கைப் பிடுங்கிச் சுவரில் மாட்டினேன். பத்துப் பக்கம் கொடுத்தேன், பத்தும் வந்தது.

"என்னப்பா பண்ணின?" என்று அவர் கேட்டார். "உள்ளே செட்டிங் மாத்தினேன்ணா" என்று சொல்லிவிட்டுப் புது ரேமைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.