கிராம சபையில் பேச வேண்டும். மைக் என்றாலே நடுங்குகிறது

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் எங்கள் தெருவின் குடிநீர்ப் பிரச்சினையைப் பற்றி நான்தான் பேச வேண்டும் என்று தெருக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். டீக்கடையில் வாய் ஓயாமல் பேசுகிறவன் என்பதால் வந்த வினை. மைக்கைக் கையில் வாங்கியதும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கையிலிருக்கும் தாள் படபடக்கிற சத்தம் ஒலிபெருக்கியில் கேட்கிறது.

ஆபத்து என்று மூளை எண்ணி அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்வதால்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வாய் உலர்கிறது என்று படித்தேன். காரணம் தெரிந்து என்ன பயன்? கால் நடுக்கம் நிற்கவில்லையே! மூச்சை மெதுவாக, உள்ளிழுப்பதைவிட நீளமாக வெளியே விடுவது ஓரளவு உதவுகிறது. கண்ணாடி முன் பேசிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண்ணாடி எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

நண்பர் ஒருவர் படபடப்பைக் குறைக்கும் புரோப்ரனோலால் மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்கிறார். எனக்கு ஆஸ்துமா இருக்கிறது. அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடிய மருந்து, ஆகவே அந்தப் பேச்சே வேண்டாம்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: முழுவதையும் எழுதி வாசிப்பதா, குறிப்பு மட்டும் வைத்துக்கொள்வதா? நடுவில் யாராவது குறுக்கிட்டுச் சத்தம் போட்டால், விட்ட இடத்தை மறுபடி பிடிப்பது எப்படி? மேடைப் பேச்சு பழகுவதற்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் தமிழில் பேசிப் பழகியவர்கள் இருந்தால், புதியவரை அங்கே எப்படிப் பேச வைக்கிறார்கள் என்றும் சொல்லுங்கள். நான் இருப்பது திண்டுக்கல் பக்கம். மதுரை வரை போகத் தயார்.

"தைரியமாகப் பேசுங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது வீட்டிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கிறது.