டைம்ஜோன், டிஎஸ்டி: உங்களை ஆட்டி வைத்த சம்பவம் எது?

நைட்ஷிப்ட்காரன், ஜாகீர் அம்மாபாளையம்

மார்ச் இரண்டாவது ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், இந்தக் கோடைக்கால நேரம்தான் டிஎஸ்டி. நியூயார்க்குக்கும் நமக்கும் பத்தரை மணி வித்தியாசம் ஒன்பதரை ஆகும். நம் ஷிப்ட்டும் ஏழரையிலிருந்து ஆறரைக்கு வரும். மெடிக்கல் பில்லிங்கில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. கேப் டிரைவர்கூட தேதியை மனப்பாடமாக வைத்திருப்பார்.

தெரியாத ஒரே ஆள் எங்கள் ஆபீஸ் கதவு. அட்டை தேய்த்தால் திறக்கும் கதவு, ஷிப்ட் அட்டவணையோடு இணைத்திருந்தார்கள். திங்கள் சாயங்காலம் உள்ளே வரும்போது செக்யூரிட்டி அண்ணன் திறந்தே வைத்திருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை. விடிகாலை மூன்றரைக்கு வேலை முடித்துப் பையோடு வந்து அட்டையைத் தேய்த்தால் சிவப்பு விளக்கு. "ஷிப்ட் முடியவில்லை" என்று குட்டித் திரையில் எழுத்து. பின்னாடி மொத்த ஃப்ளோரும் வரிசையில் நிற்கிறது, கீழே கேப் ஹாரன் அடிக்கிறான். செக்யூரிட்டி அண்ணன் தன் வாட்ச்சைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார், மறுபடி வாட்ச்சைப் பார்க்கிறார்.

அட்டவணையில் யாரோ "19.30 முதல் 4.30" என்று இந்திய நேரத்தை வெறும் எண்ணாக அடித்து வைத்திருக்கிறார்கள். நியூயார்க் நேரம் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் தானாக நகர்ந்திருக்கும். அந்த வாரம் முழுக்க எல்லோரும் சீக்கிரம் கிளம்பியதாகக் கணக்கு, சம்பளத்தில் பிடித்தம். கேட்டால் "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்றார்கள். பணம் அடுத்த மாதம் வந்துவிட்டது. அந்தப் பதில்தான் இன்னும் எரிகிறது. உங்களுக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள்.

குகைவாசி

இந்தியாவில்தான் டிஎஸ்டியே கிடையாதே. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால், வருடம் முழுக்க ஒரே நேரம். இதற்கு ஒரு இழையா?

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

குகை அண்ணே, எங்களுக்கு அமெரிக்காவும் கிடையாது, ஷிப்ட்டும் கிடையாது. ஆனாலும் மாட்டினோம்.

பட்டறையில் ஒரு ஜோடி கொலுசு கணக்கில் குறைந்தது. சிசிடிவியைப் போட்டுப் பார்த்தோம். ஏழரைக்குப் பூட்டிய பட்டறைக்குள் எட்டு மணி மூன்று நிமிடத்துக்கு ஒரு பையன் டிராயரைத் திறக்கிறான். மூலையில் நேரம் பளிச்சென்று தெரிகிறது. அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. பையனைக் கூப்பிட்டாச்சு, அவன் மாமாவையும் கூப்பிட்டாச்சு. அவன் அழுகிறான், "நான் அஞ்சரைக்கே போயிட்டேன்" என்கிறான். யார் நம்புவது?

அவன் மாமாதான் திரைக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்துக் காட்டினார். அதே படத்தில், பட்டறைச் சுவரில் தொங்கும் கடிகாரம். சின்ன முள் ஐந்தைத் தாண்டி, பெரிய முள் ஆறுக்குக் கொஞ்சம் மேலே. ஜன்னல் வழியாகத் தரையில் வெயில் வேறு விழுந்திருக்கிறது. எட்டு மணிக்கு ஏது வெயில்?

சரியாக இரண்டரை மணி வித்தியாசம். சிசிடிவி பெட்டி சீனாவில் செய்தது. சீன நேரம் கிரீன்விச்சுக்கு எட்டு மணி முன்னால், நமக்கு ஐந்தரை. மாட்டிவிட்டுப் போனவர் அதை மாற்றவே இல்லை. கொலுசு மறுநாள் பாலிஷுக்கு அனுப்பிய மூட்டையில் கிடைத்தது. பையன் அடுத்த மாதம் வேறு பட்டறைக்குப் போய்விட்டான்.

கேமரா சர்வீஸ், ஐந்து ரோடு

சார், இது டைம்ஜோன் இல்லை. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி போயிருக்கும். எனக்கும் இப்படி ஒரு கேஸ் வந்தது, ஒரு துணிக்கடை, ரெக்கார்டிங் எல்லாம் 2000 ஜனவரி 1 என்று காட்டியது. பேட்டரி மாற்றினேன், சரியாகிவிட்டது.

எதற்கும் எல்லோரும் இதைச் செய்துவிடுங்கள். பெட்டியின் மெனுவில் டைம்ஜோன் என்ற இடத்தில் ஜிஎம்டி, அதாவது கிரீன்விச் நேரம், கூட்டல் 5.30 இருக்கிறதா பாருங்கள். அதற்குக் கீழே டிஎஸ்டி என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பாதி வருடம் ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டும், மீதிப் பாதி சரியாகக் காட்டும், நீங்கள் பேய் என்று நினைப்பீர்கள். நெட் இணைப்பு இருந்தால் என்டிபி என்பதை ஆன் செய்யுங்கள், பெட்டி தானே நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். ஆனால் டைம்ஜோன் தப்பாக இருந்தால் என்டிபி போட்டும் பிரயோஜனம் இல்லை, தப்பான நேரத்தை நொடி பிசகாமல் காட்டும். வருடத்தில் ஒருமுறை பேட்டரி மாற்றுங்கள். கேமராவின் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். ஒயர் போகும் இடத்தில் எலி வருகிறதா பாருங்கள். மாதம் ஒருமுறை செல்போனைக் கேமரா முன்னால் காட்டி இரண்டு நேரத்தையும் ஒப்பிடுங்கள்.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

பேட்டரி போனால் 2000-க்குப் போகும், நீங்களே சொல்கிறீர்கள். துல்லியமாக இரண்டரை மணி தள்ளி, தேதி சரியாக, நிமிடம் சரியாக நிற்குமா? எலி வரவில்லை சார்.

ஆனிப்பாட்டி, அம்மாபேட்டை

மகளுக்கு நியூஜெர்சியில் பிரசவம். ஜூன் கடைசி, காலை 6.10 என்று மருமகன் போட்டோவோடு அனுப்பினார். நான் அன்றைக்கே ஜோசியரிடம் ஓடினேன். அவர் மகன் கம்ப்யூட்டரில் ஊர் பெயர் போட்டு, டைம்ஜோன் கழித்தல் ஐந்து என்று அடித்தான். கடக லக்னம் என்று அச்சாகி வந்தது. நான் மஞ்சள் தடவி வாங்கிக்கொள்ளத் தயார்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காகிதத்தைப் பார்த்தார். "அங்க சூரிய உதயம் எத்தனை மணிக்கும்மா?" போனில் தேடினோம், ஐந்தரைக்குக் கொஞ்சம் முன்னாடி. "ஆனி மாசம், சூரியன் மிதுனத்துல. உதயமாகி ரெண்டு நாழிகைகூட ஆகல. அப்புறம் எப்படிரா லக்னம் அதுக்குள்ள கடகத்துக்குப் போகும்?" மகன் விழிக்கிறான்.

அப்புறம்தான் புரிந்தது. கழித்தல் ஐந்து குளிர்கால நேரம். ஜூனில் அங்கே கழித்தல் நான்கு. ஒரு மணி நேரம் கூடுதலாகக் கணக்குப் போட்டுவிட்டது. திருத்திப் போட்டால் மிதுனம். கம்ப்யூட்டருக்குத் தெரியாதது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே ஆட்டோவில் வந்தேன். வெளிநாட்டில் பேரன் பேத்தி இருப்பவர்கள் ஜாதகத்தை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், கோடையில் பிறந்ததென்றால் கட்டாயம்.

ஏற்காடு காபித்தோட்டம்

அம்மா, வெளிநாடு வரை போக வேண்டாம். "இந்தியாவில் டிஎஸ்டியே கிடையாது" என்று குகை நண்பர் எழுதியதைப் பார்த்துத்தான் வந்தேன். இருந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் பாதி வரை, நாடு முழுக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. ஐந்தரை அல்ல, ஆறரை.

எங்கள் தாத்தா 1943-இல் பிறந்தவர். சதாபிஷேகத்துக்குச் சரியான நாள் பார்க்கப் பழைய நோட்டை எடுத்தோம். கொள்ளுத்தாத்தா கையெழுத்தில் மணியும் இருக்கிறது, பக்கத்தில் உதயாதி நாழிகையும் இருக்கிறது. நாழிகை என்றால் 24 நிமிடம், சூரியன் உதித்ததிலிருந்து எண்ணுவது. நாழிகையை மணியாக்கிப் பார்த்தால் நோட்டில் உள்ள மணியோடு ஒரு மணி நேரம் இடித்தது. கொள்ளுத்தாத்தாவுக்குக் கணக்கு வராது என்று வீட்டில் ஒரே சிரிப்பு. நானும் என் தங்கை மகனும் மட்டும் விடவில்லை. அவன் லேப்டாப்பில் ஏசியா/கொல்கத்தா என்ற மண்டலத்தைக் கொடுத்து 1943 தேதியைத் தட்டினான். கூட்டல் 6.30 என்று காட்டியது! நோட்டு சரி. எண்பது வருடத்துக்கு முந்திய போர்க்கால உத்தரவு அவன் லேப்டாப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அதற்கும் முன்னால் சென்னைக்கென்றே தனி நேரம் இருந்தது, இப்போதைய நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்பது நிமிடம் பின்னால். 1906-இல்தான் பொது நேரம் வந்தது. பழைய ஜாதகம் கையில் வைத்திருப்பவர்கள் மணியை நம்பாமல் நாழிகையை நம்புங்கள்.

குகைவாசி

சரி, வாபஸ்.

கோடு எழுதுபவன், அழகாபுரம்

18.30. இந்த எண்ணை டேட்டாபேஸில் பார்த்தாலே எனக்குக் கை நடுங்கும். இங்கே கம்ப்யூட்டர் கோடு எழுதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

வேறொருவர் எழுதிய அட்மிஷன் மென்பொருள், பராமரிப்புக்கு எங்களிடம் வந்தது. முதல் வாரமே போன். போய்ப் பார்த்தால் கவுன்டரில் ஓர் அம்மா பிளாஸ்டிக் கவரில் பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஜூன் 1. அச்சான படிவத்தில் மே 31. "எம் பொண்ணை நான் பெத்தேனா, உங்க கம்ப்யூட்டர் பெத்துச்சா?" கவுன்டர்காரர் என்னைக் கை காட்டினார்.

நடந்தது இதுதான். தேதி மட்டும் கேட்கும் பெட்டி, உள்ளுக்குள் "ஜூன் 1, நள்ளிரவு 12 மணி, இந்திய நேரம்" என்று வைத்துக்கொள்ளும். சேமிக்கும்போது யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றும், அதாவது ஐந்தரை மணி கழிக்கும். மே 31, 18.30 ஆகிவிட்டது. அச்சடிக்கும் நிரலோ நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டது. பிறந்தநாளுக்கு எதற்கு டைம்ஜோன்? தேதியைத் தேதியாகவே வைத்தால் போதும். அந்தப் பட்டியலில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் ஒரு நாள் மூத்தவர்களாகிவிட்டார்கள்.

சர்வர் அட்மின், அஸ்தம்பட்டி

முதல் பதிவுக்கு என் அனுபவம் சுருக்கமாக: அமெரிக்க நேரத்தில் ஓடும் ஒரு சர்வரில் இரவு 2.30-க்கு பேக்கப் போட்டிருந்தார்கள். மார்ச்சில் அந்த ஒரு ராத்திரி 2 மணிக்கு அப்புறம் நேராக 3 மணி. 2.30 வரவே இல்லை, பேக்கப்பும் இல்லை. நவம்பரில் பின்னால் தள்ளும்போது 1.30 இரண்டு தடவை வரும்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து: எல்லா நேரத்தையும் யூடிசியில் சேமியுங்கள், மனிதருக்குக் காட்டும்போது மட்டும் மாற்றுங்கள். கழித்தல் ஐந்து என்று எண் எழுதாதீர்கள், அமெரிக்கா/நியூயார்க் என்று ஊர் பெயர் எழுதுங்கள். ஊருக்கு ஊர் எந்த வருடம் என்ன விதி என்று ஒரு டேட்டாபேஸ் இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது, பால் எகர்ட் கவனித்து வருகிறார், 2011 முதல் இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐயானா அமைப்பின் கீழ் இருக்கிறது. ஏற்காடு நண்பர் பார்த்த 1943 அதில் உள்ளதுதான். அதை அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும். 2007-இல் அமெரிக்கா தேதியை மாற்றியபோது எத்தனை பேர் அப்டேட் செய்யாமல் திண்டாடினார்கள் தெரியுமா? ஜோசிய மென்பொருள்காரர்களும் இதைப் படிக்க வேண்டும்.

கோடு எழுதுபவன், அழகாபுரம்

அண்ணே, "எல்லா நேரத்தையும்" என்பதில்தான் சண்டை. நடந்து முடிந்ததற்கு யூடிசி சரி. இனிமேல் நடக்கப்போவதற்கு அது பொறி.

எங்களுக்கு மெக்சிகோ சிட்டியில் ஒரு கிளையன்ட். வாராவாரம் அவர்கள் ஊரில் காலை 9 மணிக்கு மீட்டிங், ஒரு வருடத்துக்கு முன்கூட்டியே போட்டது. அவர்களுடைய காலண்டர் மென்பொருள் நீங்கள் சொன்ன மாதிரியே யூடிசியில் சேமித்திருந்தது. 2022 அக்டோபரில் மெக்சிகோ பெரும்பாலான இடங்களில் டிஎஸ்டியை ஒழித்துவிட்டது. அடுத்த ஏப்ரலில் நாங்கள் இங்கே இரவு ஏழரைக்குச் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அங்கே மணி எட்டு. ஒருவரும் இல்லை. நம் நேரம் எட்டரைக்கு அவர்கள் காபிக் கோப்பையோடு வந்து, "ஏன் இவ்வளவு கடுப்பாக இருக்கிறீர்கள்?" என்கிறார்கள்.

"மெக்சிகோ சிட்டி, காலை 9" என்று ஊரையும் சுவர்க் கடிகார நேரத்தையும் சேமித்திருந்தால் விதி மாறினாலும் சரியாக நகர்ந்திருக்கும். லெபனானில் 2023 மார்ச்சில் ரமலானுக்காக டிஎஸ்டியைத் தள்ளிவைப்பதாகக் கடைசி நேரத்தில் அறிவித்தார்கள், சில நாளில் வாபஸ் வாங்கினார்கள். நாட்டுக்குள்ளேயே இரண்டு நேரம் ஓடியது. எந்த அப்டேட் அதற்குள் வந்து சேரும்?

சர்வர் அட்மின், அஸ்தம்பட்டி

மீட்டிங்குக்கு ஒப்புக்கொள்கிறேன். பேக்கப்புக்கு இல்லை.

கொண்டலாம்பட்டி மாணவன்

அண்ணன்மார்களே, இங்கே கேட்கலாமா? என் லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் இரண்டும் இருக்கிறது. லினக்ஸ் போட்டுவிட்டு விண்டோஸுக்கு வந்தால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால். நேற்று ஆன்லைன் தேர்வு 10 மணிக்கு. உள்ளே போனால் "தேர்வு தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது" என்று எண்ணிக்கொண்டிருக்கிறது, வாட்ஸ்அப்பில் எல்லோரும் மூன்றாவது கேள்வியில் இருக்கிறார்கள்.

கோடு எழுதுபவன், அழகாபுரம்

தம்பி, மதர்போர்டில் ஆர்டிசி என்று ஒரு கடிகாரம் இருக்கிறது. லினக்ஸ் அதில் யூடிசியை எழுதி வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். லினக்ஸில் "டைம்டேட்சிடிஎல்" கட்டளையைக் கொடுத்து, ஆர்டிசியை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல். நமக்கு டிஎஸ்டி இல்லாததால் தைரியமாகச் செய்யலாம், அமெரிக்காவில் இருப்பவன் செய்தால் வருடத்துக்கு இரண்டு தடவை அடி வாங்குவான். அடுத்த தேர்வு எப்போது?

கொண்டலாம்பட்டி மாணவன்

நாளைக்கு, 10 மணிக்கு. இப்போதே போடுகிறேன் அண்ணா.