ஏசி கம்ப்ரசரில் கரகர சத்தம்: பேரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எனக்கு அம்பாசமுத்திரம். 2014 மாடல் பெட்ரோல் கார், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரம் இரண்டு முறை அம்மாவைச் சிகிச்சைக்காகப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போகிறேன். இந்த வெயிலில் ஏசி இல்லாமல் அவர்களால் முடியாது.

பத்து நாளாக, ஏசி கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரசர் பக்கம் கரகரவென்று சத்தம். ஏசியை அணைத்தாலும் நிற்கவில்லை. போட்டால் கொஞ்சம் கூடுகிறது. குளிர்ச்சியில் குறையே இல்லை. பணிமனையில் கேட்டால், பார்த்த உடனே முழு கம்ப்ரசரையும் மாற்றச் சொல்கிறார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நேற்று பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அது ஓடும் சக்கரமான கம்ப்ரசர் புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். உள்ளே மணல் அரைபடுவது போல விரலுக்குத் தெரிகிறது, லேசான ஆட்டமும் இருக்கிறது. ஆனால் முன்னால் இருக்கும், கம்ப்ரசரின் உள்பாகத்தைச் சுழற்றும் கிளட்ச் தட்டைத் தனியாகத் திருப்பினால் எங்கும் பிடிக்காமல் சுற்றுகிறது. ஏசி போடாதபோது புல்லி மட்டும்தானே சுற்றும்? அப்படியென்றால் போனது புல்லி பேரிங் என்று நினைக்கிறேன். அதை ஏசி கேஸை வெளியேற்றாமலே மாற்றலாம்.

ஒரே பயம், உள்ளேயும் தேய்மானம் இருந்து இரும்புத்தூள் கிளம்பினால் கேஸின் சூட்டைத் தணிக்கும் கண்டன்சர், கேஸ் போகும் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வு வரை அடைத்துக்கொள்ளும். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா? அப்புறம், வண்ணார்பேட்டை, பேட்டை பக்கம் பேரிங் மட்டும் பொறுமையாக மாற்றித்தரும் ஏசி மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வியாழக்கிழமை அம்மாவை மறுபடி கூட்டிப்போக வேண்டும்.