சக்திக்கு ஒரு எல்லை வேணாமா? மாயாவி படிச்சவங்க, மார்வெல் பாக்கறவங்க எல்லாரும் வாங்க

குடியாத்தம் மாயாவி:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மனசுல ஓடிகினு இருக்கற கேள்வி இது. எனக்கு சூப்பர்ஹீரோன்னா முதல்ல இரும்புக்கை மாயாவி தான். முத்து காமிக்ஸ் 1972ல ஆரம்பிச்சதே அவர வச்சு தான், எங்க மாமா வச்சிருந்த பழைய புக்கு தான் நான் படிச்சது. அவருக்கு கரண்ட் ஷாக் அடிச்சா தான் உடம்பு மறையும், அப்பவும் அந்த இரும்புக்கை மட்டும் அந்தரத்துல தெரியும், கொஞ்ச நேரம் போனா சக்தி இறங்கிடும், திரும்பவும் ஒரு பிளக் பாயிண்டோ ஒயரோ தேடி ஓடணும். அந்த ஓட்டத்துல தான் எனக்கு உயிரே போய் உயிர் வரும், எதிரி மெயின ஆஃப் பண்ணிட்டா இவரு கதி இன்னான்னு அடுத்த பக்கம் திருப்பறதுக்குள்ள கை வேர்த்துடும்.

இப்ப வர்ற படங்கள்ல அந்த பயம் எனக்கு வர மாட்டேங்குது. 2017ல லோகன் பாத்துட்டு ரெண்டு நாள் சரியா சாப்பிடல, எந்தக் காயமும் உடனே ஆறிடற வுல்வரின், இதுல காயம் ஆறாம இருமிகினே நடக்கறாரு, கடைசில அந்த மரத்தடி. அப்புறம் 2024ல வந்த டெட்பூல் & வுல்வரின் படம் ஆரம்பமே செத்த வுல்வரினோட எலும்ப தோண்டி எடுத்து அதால சண்டை போடறாங்க, வேற உலகத்துல இருந்து வேற வுல்வரின் வந்துடறாரு. தியேட்டரே கைதட்டிச்சு, எனக்கு நெஞ்சு அடைச்சுது. செத்தவன் செத்தவனா இருக்கணும்ங்க. இல்லன்னா அன்னிக்கு நான் அழுததுக்கு இன்னா அர்த்தம்?

சக்திக்கு ஒரு எல்லை, சாவுக்கு ஒரு மரியாதை, இது ரெண்டும் இருக்கற கதையா சொல்லுங்க. காமிக்ஸ், சீரியல், படம் எதுவானாலும் சரி. அக்கா பையனுக்கு 11 வயசு, லீவுக்கு வர்றான், அவனுக்கும் காட்டணும்.

காட்பாடி ஜங்ஷன்:
தம்பி, செத்தவன திரும்ப கொண்டு வர்றது சினிமாக்காரன் கண்டுபிடிச்சது இல்ல. 1992ல காமிக்ஸ்ல சூப்பர்மேன டூம்ஸ்டேன்னு ஒரு ராட்சசன் கையால சாகடிச்சாங்க, அடுத்த வருஷமே எழுந்து வந்துட்டாரு. அமெரிக்கா காமிக்ஸ்ல இது வழக்கம், மாசா மாசம் புக்கு வரணும், அந்த பாத்திரம் கம்பெனியோடது, எழுதறவன் மாறிகினே இருப்பான், அதனால யாரையும் நிரந்தரமா புதைக்க முடியாது. அயர்ன் மேன் செத்ததுக்கு நானும் தான் அழுதேன், அவரா நடிச்ச அதே ராபர்ட் டவுனி டாக்டர் டூம்ங்கற வில்லனா வர்றார்னு 2024ல அறிவிச்சப்ப எனக்கு கோவம் வரல, வேற ஆளா தான வர்றாரு.

ஆனா எல்லை விஷயத்துல உன் பக்கம் தான் நான். 2004ல வந்த ஸ்பைடர்மேன் 2 பையனுக்கு கண்டிப்பா காட்டு. வாடகை கட்ட முடியாது, வேலை போகுது, மனசு உடைஞ்சதும் கையில நூலே வர மாட்டேங்குது. அந்த ரயில நிறுத்திட்டு மயங்கி விழறப்ப உள்ள இருக்கற ஜனங்க அவன தலைக்கு மேல தூக்கி கைமாத்தி கைமாத்தி கொண்டு போய் படுக்க வைப்பாங்க பாரு, முகமூடி இல்லாம. சின்னப் பையன், என் மகன் வயசு தான் இருக்கும்னு ஒருத்தன் சொல்லுவான். இத்தன வருஷத்துல அத தாண்டி ஒரு சீன் வரல, என் கருத்து இது.

கூர்மண்டையர் ரசிகை, வாலாஜா:
மாயாவி அண்ணா, எல்லை சக்தில தான் இருக்கணுமா? லயன் காமிக்ஸ்ல வந்த நம்ம ஸ்பைடர எடுத்துக்கோங்க, சிலந்தி மனிதன் இல்ல, கூர்மண்டையர சொல்றேன். ஆரம்பத்துல அவர் ஹீரோவே இல்ல, உலகத்துலயே பெரிய திருடனா ஆகணும்னு வந்தவர், பெல்ஹாம், ஆர்டினின்னு ரெண்டு கூட்டாளிங்க கூட இருப்பாங்க, அப்புறமா தான் அந்த திமிரோடவே நல்லவரா மாறுறாரு. அந்தக் கதைகள்ல நிறைய எழுதினவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேன உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தர். ஸ்பைடர அடிச்சு தோற்கடிக்கறது கஷ்டம், ஆனா அந்த ஆணவம் அவர மாட்டி விட்டுடும், எனக்கு அது தான் எல்லை.

அதே மாதிரி மின்னல் முரளின்னு மலையாளப் படம் (2021) பையனோட உக்காந்து பாருங்க. ஹீரோ டொவினோவுக்கு விழுந்த அதே மின்னல் தான் வில்லன் ஷிபுவுக்கும் விழுது. ஊரே ஒதுக்கி வச்ச ஆளு, ஒரே ஒருத்திய நெனச்சு பல வருஷம் காத்திருந்தவன். நம்ம குரு சோமசுந்தரம் ஷிபுவா நடிக்கல, வாழ்ந்திருக்காரு, அவர் அழுது சிரிக்கற அந்த ஒரு இடத்துக்காகவே நான் திரும்ப திரும்ப பாக்கறேன். வில்லன வெறுக்க முடியலன்னா அந்தப் படம் ஜெயிச்சிடுச்சு.

செங்கம் ரோடு:
நல்ல பேச்சு ஓடுது. நான் காமிக்ஸ் அதிகம் படிச்சவன் இல்ல, நம்ம பக்கம் பாரதக் கூத்து பாத்து வளந்தவன். கடைசி சண்டை நடக்கற படுகளத்துல மண்ணால அம்மாம் பெரிய துரியோதனன செஞ்சு படுக்க வப்பாங்க, காந்தாரி பார்வை பட்ட உடம்பு இரும்பாயிடுச்சு, துணி மறைச்ச தொடை மட்டும் பாக்கி. விடிய விடிய பாக்கற அத்தன பேருக்கும் அவன் சாகப் போறான்னு தெரியும், எங்க அடி விழும்னும் தெரியும், இருந்தாலும் பீமன் தடிய தூக்கறப்ப ஜனம் மூச்சு விடாது. சாவு தெரிஞ்சா சுவாரசியம் போயிடும்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

இன்னொன்னு, 2025ல வந்த சூப்பர்மேன் படத்துல அடி வாங்கி பனில விழுந்து கெடக்கறவர கிரிப்டோன்னு ஒரு நாய் வந்து இழுத்துகினு போகும்ல, என் பையன் அதுக்கு குதிச்சான். நம்ம செங்கம் பக்கம் எடுத்தனூர் நடுகல்லுல பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்துலயே ஒரு வீரன் இருக்கான், பேரு கருந்தேவக்கத்தி, எருமைக்காக நடந்த சண்டையில செத்தவன். பக்கத்துலயே அவன் நாய செதுக்கி, கோவிவன்னு பேரும் போட்டு, ரெண்டு திருடன கடிச்சு காவல் இருந்துச்சுன்னும் எழுதி வச்சிருக்காங்க. இத வச்சு யாராவது தமிழ்ல ஒரு காமிக்ஸ் போடுங்கப்பா.

குடியாத்தம் மாயாவி:
செங்கம் அண்ணா, கோவிவன் கதைய பையனுக்கு இன்னிக்கே போன்ல சொல்லிட்டேன், நாய் அப்புறம் இன்னா ஆச்சுன்னு கேட்டுகினே இருக்கான். வாலாஜா சகோதரி, ஆணவமும் எல்லை தான்னு நீங்க சொன்னத ஏத்துக்கறேன், ஆனா உடம்புல வலி தெரியணும், அத விட மாட்டேன். காட்பாடி அண்ணா, கம்பெனிக்கு புக்கு விக்கணும்னா புது ஹீரோவ எழுதட்டும், லோகன விடட்டும். ஸ்பைடர்மேன் 2 தமிழ் டப்பிங்ல எங்க கெடைக்கும்னு மட்டும் சொல்லுங்க, பையனுக்கு சப்டைட்டில் படிக்கற வேகம் இன்னும் வரல.